நாற்பது செக்கன்

பெட்டிக்குள்ள இருக்கிற பெண்ணுக்கு
வன்னி தெரியாது.
சென்னைப் பக்கத்துக் குரலாயிருக்க வேணும்.
"வாங்கோ" எண்டு அடிச்சா
இரண்டாய் முறிச்சு, இடையில் மூச்செடுத்து
வாங், கோ எண்டுவா.
பாலிநகரைக்
கடலுக்கு அங்கால ஒரு தீவாக்கிப் போடுவா.
நானும் விட்டுக்குடுத்து
"வாங்க" எண்டே எழுதப் பழகினன்.
"வேண்டாம்" மட்டும்
இரண்டு பேருக்கும் ஒண்டு.
சுவிசில் இருந்து அண்ணா எடுக்கேக்கை
அதுதான் கூடப் பாவிக்கிற சொல்.

வலது கை நடுவிரலை மடக்கி
மொழியால் தட்டுவன்.
விரல் முட்டுக்கும் மொழி எண்டுதானே பேர்,
எனக்கு வாய்ச்சது அது.
ஒரு வசனத்துக்கு நாற்பது செக்கன்.
மாரியில், கை விறைச்சால், ஒரு நிமிசம்.

மின்சார சபைக்கு எடுத்தா
விளம்பரம் எண்டு வைக்கிறாங்கள்.
மூண்டாம் தரம்
"வைக்காதீர்கள், நான் மனிசி" எண்டு
முதலே அடிச்சு வைச்சு எடுத்தன்.
கொஞ்சம் யோசிச்சுப்போட்டு வைச்சாங்கள்.

எங்க பட்டது, பிள்ளை?
மாத்தளனிலயோ, அங்கால வலைஞர்மடத்திலயோ?
"பிறப்பிலே" எண்டு பெட்டி சொல்லும்.
கேட்டவையின்ர முகத்தில்
ஒரு சின்ன ஏமாற்றம் வந்து போகும்,
கொண்டு வந்த கண்ணீரை
எங்க வைக்கிறதெண்டு தெரியாமல்.
அந்த மணலெல்லாம்
அம்மா என்னை முதுகில் போட்டுக்கொண்டு நடந்தவ.
அதை ஒருத்தரும் கேக்கிறேல்லை.
அவ போய் நாலு வருசம்.
கொழுக்கியில் நாடா கட்டி
பல்லால் இழுத்துக் கதவு பூட்டுறன்.
தேத்தண்ணியில் பாதி நிலத்துக்கு.
நிலம் குடிக்கட்டும்.

போன புதன்
புதுசாய் மாறி வந்த விதானையார் வந்தார்.
குடும்ப விபரப் படிவம்.
மல்லாவிக்குப் போகவெண்டு
கஜரூபன்ர ஓட்டோ படலையில நிண்டது.
விதானையார் அவனைப் பாத்துக் கேட்டார்:
"இவவோட ஆர் இருக்கினம்?"

தட்டத் தொடங்கினன்.
ஐஞ்சு செக்கன்.
"தமையனோ?"
பன்னிரண்டு.
"சித்தியாக்கள், ஆரும்?"
இருவதில் பேனையைத் திறந்தார், மூடினார்,
பிறகும் திறந்தார்.
"இவவுக்குக் காது கேக்குமோ?"

கஜரூபன் ஒண்டும் சொல்லேல்லை.
குனிஞ்சு
எஞ்சினை நிப்பாட்டினான்.

அவ்வளவு நேரமும் அது இரைஞ்சுகொண்டு நிண்டதே
அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது.
வாய்க்காலில் தண்ணி போற சத்தம்.
கூரைத் தகரத்தில் குரங்கு ஒண்டு
காலை மாத்தி வைக்கிற சத்தம்.
விதானையாரும் கேட்டிருக்க வேணும்.
முதல் தரமாய்
என்ர கையைப் பாத்தார்.

"நான் தனியாக இருக்கிறேன்.
குடும்பத் தலைவர் நான்."
சென்னைப் பெண்
ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னா,
ரயில் வரப்போகுது எண்டு அறிவிக்கிற மாதிரி.

எழுதினார்.
அடுத்த கேள்வியை என்னைப் பாத்துக் கேட்டார்:
வருமானம் எவ்வளவு, எங்கால?

பால் சங்கத்துக்குக் கணக்குப் பதியிறன்,
லீற்றர் கணக்கு, கொழுப்பு வீதம்,
மாடு வத்தின மாசம் எனக்கும் குறையும்.
இதைச் சொல்லி முடிக்க ஐஞ்சு நிமிசமாகும்.
முதல் அதைத் தட்டினன்:
"ஐந்து நிமிடம்."

வீட்டில் ஒரு கதிரைதான்.
அதில காயாத உடுப்பு.
அள்ளி மடியில வைச்சுக்கொண்டு
இருந்தார்.