என்பார்கள் மூடர்

“ஆளப் பிறந்தவை சில இனங்கள்
என்பார்கள் மூடர்” –
கையெழுத்துப் பிரதியில் இருந்தது அப்படித்தான்.
பதிப்பாசிரியர் லூடோல்ஃப்
கடைசி இரண்டு சொற்களைச்
சிவப்பு மையால் அடித்தார்.
கோத்த ஈய எழுத்துகளைப் பிரித்து
அறைகளில் போட்டேன்.
யேனாவில் அன்று கடும் பனி;
விரல் விறைத்தது, வேறொன்றும் உறைக்கவில்லை.

முதல் பாகம் வெளியான வாரம்
பள்ளிச் சுவரில் அந்த வரி,
முற்றுப்புள்ளியோடு.
எதிர்வீட்டு மருத்துவர் ரோசன்ஸ்வைக்
தன் பெயர்ப்பலகையைத் தானே கழற்றினார்.

பாவம் அந்தத் தத்துவக் கிழவர்,
கல்லறையில் கிடப்பவரிடம் திருடிவிட்டார்கள் என்று
மனைவியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்,
இரண்டாம் பாகத்தில்
எழுபத்தோராம் பக்கம் கோக்கும் வரை.

கறுப்பர்களைப் பற்றிய பத்தி.
அதில் ஒரு சொல்லையும்
சிவப்பு மை தொடவில்லை.
தொட வேண்டியிருக்கவில்லை.