மாறாமலைக்குப் போகும் சீட்டி

ஜீப்புக்குக் கூரை தார்ப்பாய்தான்.
பழைய ஸ்பீக்கர் இரண்டும் போன மழையில் ஊறி
அப்பளம்போல் விரிந்துவிட்டன.
கிராம்பு பறிப்பு தொடங்க ஒன்பது நாள்.
கீரிப்பாறையில் பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு
பாட்டில்லாமல் அந்த ஏற்றம் ஏறினால்
ஒவ்வொரு பாறையும் முதுகெலும்பில் எண்ணிக்கை சொல்லும்.

வடசேரியில் பெனிற்றாவின் கடை.
இரண்டு ஷட்டரில் ஒன்று திறக்காது.
ஜீப்பை ஒருமுறை சுற்றி வந்தாள்.
"இதுக்குள்ள பாட்டு நிக்காது அண்ணா,
நாலு பக்கமும் ஒழுகிப் போவும்.
ஆம்ப் வைக்கணும். பெட்டி அடிக்கணும்.
வெள்ளம் பட்டா வீங்காத கோன் வேணும்."
விலை சொன்னாள்.
நான் அவள் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

சீட்டைக் கழற்றியபோது அடியில்
அட்டைக்கு வைத்திருந்த உப்புப் பொட்டலம்,
கொண்டை ஊசிகள், போன வருஷத்துக் கிராம்பு ஒரு பிடி,
நான் சத்தியம் செய்து தேடிய ஸ்பானர்.

பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி ஃபியூஸ்.
விரல் கனத்தில் சிவப்பு வயர் இடதுபக்கமாகப் போனது.
சிக்னல் வயர் வலதுபக்கம்.
"ரெண்டையும் சேத்துப் படுக்கப் போட்டா
ஒண்ணுக்க பேச்சு மத்ததுக்கக் காதுல விழுமாக்கும்."
தகரத்தில் துளை போட்டு,
துளையின் உதட்டுக்கு ரப்பர் வளையம் மாட்டி,
சீட்டுக்கடியில் ஆம்பை நான்கு திருகில் உட்காரவைத்து,
இரண்டாம் நாள் மதியம் சாவியைத் திருப்பச் சொன்னாள்.

பாட்டு வந்தது.
கூடவே ஒரு சீட்டியும் வந்தது.
ஆக்சிலேட்டரை மிதித்தால் மெலிந்து மேலே ஏறும்,
விட்டால் இறங்கிவந்து காலடியில் முனகும்.
ஆல்டர்னேட்டருக்கும் பாட ஆசை போலிருக்கிறது.

"எர்த்து சரியில்லை" என்றவள்
உப்புத்தாளை எடுத்து சேசிஸை உரச ஆரம்பித்தாள்.
பச்சை போனது, அதனடியில் நீலம்,
நீலத்துக்கடியில் ஏதோ ஒரு அரசாங்க ஆபீஸின் சாம்பல்,
அப்புறம் இரும்பு,
முகம் கழுவிய பிள்ளைபோல.
போல்ட்டை அங்கே இறுக்கினாள்.
சீட்டி இல்லை.
சரணத்துக்கு முன்னால் பாடகி மூச்சிழுப்பது கேட்டது.
பணத்தை எண்ணாமலே கொடுத்துவிட்டேன்.

சீசனில் ஆறாம் நாள்.
சுயம்புகனி ஒரே பாட்டை மூன்றாம் முறை கேட்டாள்,
றோஸ்லெற் திட்டினாள், நான் போட்டேன்.
சாக்கும் ஆளும் நிறைந்து மாலையில் இறங்கும்போது
மூன்றாம் வளைவுக்குக் கீழே
பாட்டு பாதிச் சொல்லில் அறுந்தது.
ஹெட்லைட் மஞ்சளாகி, பழுத்து,
கடைசியில் பீடி முனையானது.

ஒரு புள்ளி சிக்னலில் பெனிற்றாவைப் பிடித்தேன்.
"சார்ஜ் ஏறலண்ணா. ஆல்டர்னேட்டர் எப்பளோ செத்திருக்கு.
சீட்டி இருந்திருந்தா, அது நின்னப்பளே
உமக்குத் தெரிஞ்சிருக்கும்."
காற்றில் கொஞ்சம் குரல் போய் வந்தது.
"டேஷ்போர்டுல சிவப்பு லைட்டு எரிஞ்சுதா?"
"இல்லை."
"பல்பு இருக்கா?"
ரெண்டு வருஷமாக அந்த இடத்தில்
ஒரு மாதா ஸ்டிக்கர் இருக்கிறது.
சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

சுயம்புகனி பானெட்டில் ஏறி உட்கார்ந்தாள்,
கைக்கு ஒரு போன், இரண்டிலும் டார்ச்.
கல்லு. எடத்த. இன்னும் எடத்த.
குழி, குழி லே, பிரேக்கு.
எந்த வயரும் இல்லாமல் அவள் குரல்
கண்ணாடியைத் தாண்டி என் காலுக்கு வந்து சேர்ந்தது.
பின்னால் யாரும் பேசவில்லை.
டீசல் நாற்றத்தையும் மீறிக் கிராம்பு மணத்தது.
கீழே ரப்பர் தோட்டத்து முதல் விளக்கு தெரிந்தபோது
மணி ஒன்பதே கால்.

வடசேரியிலிருந்து பில் வந்தது.
ஆல்டர்னேட்டர் பிரஷ், ரெகுலேட்டர், கூலி.
அடியில் பேனாவால் தனியாக:
பல்பு ஒன்று, பன்னிரண்டு ரூபாய்.
இதற்கு மட்டும் கேரண்டி கிடையாது,
அண்ணன் பார்த்தால்தான் எரியும்.