ஐம்பத்திரண்டு நொடி

ஹீயுமா தீவில் நவம்பர்.
நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
துறைமுக அருங்காட்சியகத்தின் சீட்டுக் கூண்டுக்குள்
ஊர்வே
காலுறையோடு ஹீட்டர்மேல் பாதம் வைத்து
இணையதளத்தின் பின்வாசலைத் திறக்கிறாள்.

அமைப்புகள். ஊடகம். கோப்பு வகைகள்.
எதை உள்ளே விடலாம், எதை வாசலில் நிறுத்தலாம்,
வரிசையாகச் சின்னக் கட்டங்கள்.
படம், சரி.
காணொளியும் சரிதான், தானாக மட்டும் ஓடக்கூடாது.
போன கோடையில் முகப்பைத் திறந்தவர் காதிலெல்லாம்
மேயரின் திறப்புவிழாப் பேச்சு வெடித்தது.

சிறுபடம்: நூற்றைம்பதுக்கு நூற்றைம்பது,
நடுவிலிருந்து வெட்டு.
அந்த வெட்டில்தான்
பனி உடைக்கும் கப்பலின் பதினோரு பேர்
ஏழாகிப்போனார்கள்.
சமையல்காரர் ஒரு தோளாக மட்டும் மிஞ்சினார்.
அவர் மகள் எதிர்த்தெரு மருந்துக்கடையில் இருக்கிறாள்,
தினமும் பார்க்க வேண்டிய முகம்.
வெட்டாதே, சுருக்கு என்று மாற்றுகிறாள்.
படம் இப்போது பொடிசு,
ஆனால் பதினோரு பேர்.

உச்சவரம்பு எட்டு மெகாபைட்.
குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டிய யாரோ
வைத்துவிட்டுப் போன எண்.
ஹெல்துர் அனுப்பிய ஒலிக்கோப்போ நூற்றுப்பத்து.
மூன்றாம் முறையும் பாதியில் நின்று
சிவப்பில் ஒரு வரி.
எட்டை அழித்து இருநூறு என்கிறாள்.
சர்வர் தாலினில் இருக்கிறது, அது அதன் பாடு.

ஏறிவிட்டது.
பதினோரு நிமிடம் ஏற்றினாள்,
எண்பத்தெட்டு நொடிதான் கேட்கிறது:
எழுபத்தொன்பதில் நாடாவில் பிடித்த
மூடுபனி ஊதுகுழல்
மூச்சே விடாமல் ஒரே முழக்கமாய் அலறி ஓய்கிறது.

சுட்டியை அனுப்பினாள். பதில் ஒரு வரி:
ஊதியது இருக்கிறது, ஊதாததை எங்கே வைத்தாய்?

தெற்கு முனையிலும் ஒரு குழல் இருந்ததாம்.
இதே சுருதி, இதே எட்டு நொடி.
அது இருபத்திரண்டு நொடி சும்மா இருக்கும்,
இது ஐம்பத்திரண்டு.
பனிக்குள் கண்ணிழந்த மாலுமி
ஓசை நின்றதும் எண்ணத் தொடங்குவான்.
சீக்கிரம் ஊதினால் பாறை.
எண்ணி எண்ணிச் சலித்தால்
வீடு.

பக்கத்தின் அடியில், அவள் தொடாத கட்டம் ஒன்றில்
ஏற்கெனவே சரிக்குறி:
'அமைதியான பகுதிகளை நீக்கு, இடம் மிச்சமாகும்.'

அவள் மொழியில் உயிருக்கு மூன்று அளவு.
குறில், நெடில், அதற்கும் மேல் நீள்வது ஒன்று.
நமக்கு அளபெடை செய்யுளுக்கும் சந்தைக் கூவலுக்கும்,
அவளுக்கு அன்றாடம்.
நீளம் பிசகினால் சொல்லே வேறாகிவிடும் ஊரில்
அமைதிக்கு மாத்திரை கிடையாதென்று
எவன் தீர்மானித்தான்?

குறியை எடுக்கிறாள். சேமி. மறுபடி ஏற்று.

எட்டு நொடி முழக்கம்.
பிறகு நாடாவின் மெல்லிய சீறல்.
இருபதாவது நொடியில் யாரோ இருமுகிறார்.
நாற்பதில் கோப்பையைத் தட்டில் வைக்கும் ஒலி.
ஊர்வே உதடசைத்து எண்ணுகிறாள்,
ஐம்பது, ஐம்பத்தொன்று,

பிறகு விளக்கக் குறிப்பு என்ற பெட்டியில் எழுதுகிறாள்:
பழுதில்லை. காத்திருங்கள்.