நாற்பத்தேழாம் பக்கம்

மார்ச். இரவு இரண்டு மணி.
கன்று ஈனும் கொட்டகையில்
வெப்பவிளக்கின் சிவப்பு வட்டத்துக்குள்
தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
வெளியே மொன்டானா முழுக்க உறைந்து கிடக்கிறது.
பக்கம் புரட்டுவதற்காகக்
கையுறையில் ஆள்காட்டி விரலை மட்டும் வெட்டிவிட்டேன்.

கதையில் இப்போது 1878.
கடிதம் வழியே நிச்சயமான மணப்பெண்
ரயிலை விட்டு இறங்குகிறாள்.
பெட்டியில் ஒரு பைபிள், ஒரு வெள்ளை உடை,
யாரிடமும் சொல்லாத ஒரு துக்கம்.
அவனுக்கு அகன்ற தோள், குறைந்த பேச்சு.
பதினோராம் அத்தியாயம் வரை
கடவுளோடும் பேச்சில்லை.
ஒரே அறையுள்ள மரவீடு.
நடுவே கயிற்றில் தொங்கும் கம்பளி:
அவள் பக்கம் கட்டில், அவன் பக்கம் தரை.
இருநூற்று எண்பதாம் பக்கம் வரை அது அசையாது,
நான் உத்தரவாதம்.

முத்தம் வரும்.
போதகர் வந்துபோன பிறகு வரும்.
அதற்கு மேல் கதையே
விளக்கை ஊதி அணைத்துவிட்டு வெளியேறிவிடும்.
இருநூறு மாடு மேய்ப்பவன்
சோப்பும் பைன் மரமுமாக மணக்கிறான்.
ஒரு புத்தகத்திலாவது
எவன் பூட்ஸிலாவது சாணி இருக்கிறதா என்று
பார்த்துக்கொண்டே வருகிறேன்.

டென்வரிலிருந்து மகள் சிரிக்கிறாள்:
முடிவு தெரிந்த கதையை எதற்கம்மா படிக்கிறாய்?
முடிவு தெரியாத பசுவொன்று
எதிரே நின்று முனகுகிறதே,
அது போதாதா எனக்கு.

லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில்
காபிக் கலனுக்குப் பக்கத்தில் இரண்டு அலமாரி.
பதிவேடு கிடையாது.
படித்ததையே மறுபடி எடுத்துவிடாமல் இருக்க
நாற்பத்தேழாம் பக்க மூலையில்
பென்சிலால் ஆளுக்கொரு குறி.
போதகரின் மனைவிக்குச் சிலுவை, வேறென்ன.
தபால்காரி மார்வெலுக்கு ஓர் இலை.
எனக்கு ஒரு கொக்கி.
ஆம்புலன்ஸ் ஓட்டும் செயென்காரி டெல்ஃபின்
மூலையில் எதுவும் போடுவதில்லை.
முதல் பக்க வரைபடத்தில்
‘ஆளில்லா நிலம்’ என்று அச்சிட்ட இடத்தில்
அழுத்தமாக ஒரு கேள்விக்குறி.
அடுத்த வாரம் வந்து
அடுத்த புத்தகத்தை எடுத்துப் போகிறாள்.

ஆறு வருஷமாக என் கொக்கிக்கு முன்னால்
இன்னொரு குறியும் இருக்கிறது:
ஒரு கோடு, அதன்மேல் அரைவட்டம்.
உதிக்கும் சூரியன் என்று எடுத்துக்கொண்டேன்.
ஞாயிறு பள்ளி ஆசிரியை யாரோ,
ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவள் யாரோ.
மனைவி சாகும் அத்தியாயங்களில் மட்டும்
மடிப்புக்குள் புகையிலைத் துணுக்கு கிடக்கும்.
வீணாகப் போதகரின் மனைவியைச் சந்தேகித்தேன்.

போன செவ்வாய் பனிப்புயலில்
வேலி தாண்டி வந்தது ஒரு மாடு.
இடது தொடையில் சூட்டுக்குறி:
ஒரு கோடு, அதன்மேல் அரைவட்டம்.
இருபது வருஷமாகத் தெரிந்த குறிதான்.
தோலில் பார்த்துப் பழகியதைத்
தாளில் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை.

ஆர்லின் ரீசெத்.
ஊர்க்கூட்டத்தில்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிறவர்.
ஆறு வருஷத்துக்கு முன், மண் உறைவதற்குள்,
மனைவியை அடக்கம் செய்தவர்.
இந்தப் பெண்களெல்லாம் ரயிலிலிருந்து இறங்கும்போது
எனக்கு முன்பே நடைமேடையில் நின்றிருக்கிறார்.

மாட்டை ஓட்டிப் போக வந்தார்.
உலர்புல் விலை பேசினோம்.
டிரெய்லர் கதவு ஒட்டிக்கொள்வதைப் பேசினோம்.
கம்பளியைப் பற்றிக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது.
‘குளிர் விடாது போலிருக்கிறது’ என்றேன்.
‘விடாது’ என்றார்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
பசு கீழே சாய்ந்தது.
ஒரு குளம்புதான் தெரிகிறது. மற்றது மடங்கியிருக்கிறது.
தோள்வரை கையை விட்டு
தேடி, நிமிர்த்தி, சங்கிலி மாட்டி,
அவள் முக்கும்போது மட்டும் இழுத்தேன்.
ஜெபம் மாதிரி ஏதோ சொன்னேன்,
அச்சில் ஏற்ற முடியாத சில சொற்களோடு.
கன்று வழுக்கி வந்து விழுந்தது.
மூக்கில் வைக்கோலால் குடைந்ததும் தும்மியது.

திரும்பிப் பார்த்தால்
புத்தகம் திறந்தபடி வைக்கோலில் கிடக்கிறது.
அவன் முதன்முதலாக அவள் பெயரைச் சொல்லும் வரியின்மேல்
மஞ்சளும் இரத்தமுமாக ஒரு கறை.
சட்டையால் துடைத்தேன். இன்னும் பரவியது.
என் கொக்கிக்கு முன்னால்
இந்தப் புத்தகத்தில் இன்னும் எந்தக் குறியும் இல்லை.

போதகரின் மனைவி இதை
எலுமிச்சை போட்டுத் தேய்ப்பாள்.
அவர் தேய்க்கமாட்டார்.
என்ன கறை என்று அவருக்குத் தெரியும்.