செத்த பட்டை

டார்ட்டுவில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
சைக்கிள் பழுதுபார்க்கும் மாரிக்கா
மடிக்கணினியை ஸ்பானர்களுக்கு நடுவே வைத்தாள்.
"பழசு இனிமே ஓடாதாம். லினக்ஸுல என்ன இருக்கு, காட்டு."

பென் டிரைவில் மூன்று முகப்புகள் கொண்டுபோயிருந்தேன்.
க்னோம்:
"வீட்டைக் காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்கே."
கேடிஇ-யின் அமைப்புகளுக்குள் நுழைந்தவள்
இருபது நிமிடம் வெளியே வரவில்லை.
என் காபி ஆறியது.
எக்ஸ்எஃப்சிஇ-யின் எலியைப் பார்த்து
"இதுக்குத் தீனி போடணுமா?"

நினைவகம், வேகம், எளிமை என்று
ராத்திரி முழுக்கத் தயாரித்த உரையைத் தொடங்கினேன்.
கிரீஸ் விரலால் திரையின் அடியைத் தொட்டாள்.
இரண்டு விரற்கடை, செத்த கறுப்பு.
வசந்தத்தில் ஒரு பெடல் விழுந்ததாம்.
"கீழே எது வந்தாலும் எனக்குத் தெரியாது.
மேலே வைக்கிறது எது?"

க்னோமிலும் மேலேதான்,
ஆனால் செயலிகள் கீழே வந்து வரிசைகட்டும்.
கேடிஇ-யில் நகர்த்தலாம்,
மறுபடி அந்தக் கதவுக்குள் போகவேண்டும்.
எலி வந்ததிலிருந்தே மேலே வைத்திருந்தது.

நிறுவல் ஓடிய கால்மணி நேரத்தில்
என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி
பின் பிரேக்கைக் கழற்றினாள்.
எந்த பிரேக் சிறந்தது என்று
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
"எந்தக் காலை முதல்ல ஊன்றுவே?" என்று மட்டும் கேட்டாள்.
யோசித்துப் பார்த்தேன்.
தெரியவில்லை.