எதற்கும் இருக்கட்டும்

வெளியே பிப்ரவரி, மைனஸ் பதினேழு.
உள்ளே எனக்கு வியர்க்கிறது.
டார்ட்டு நகரத்து ஒன்பது மாடிக் கட்டடத்தின்
வயிற்றுக்குள் நிற்கிறேன், கையில் அழுத்தமானி.
எதிரே பச்சைப் பெயின்ட் உரிந்த பம்பு
முக்கி முனகிச் சுழல்கிறது.

பக்கத்துக் குழாயில் ஒரு வால்வு
முக்கால்வாசி மூடிக் கிடக்கிறது,
கைப்பிடியைக் கம்பியால் கட்டி
சிவப்புத் துணி சுற்றியிருக்கிறார்கள்.
"திறந்தால் கட்டடம் முழுக்க விசிலடிக்கும்"
என்கிறார் லெம்பித், பராமரிப்பாளர்.

தொண்டை கிழியக் கத்தச் சொல்லிவிட்டு
வாயைப் பொத்தும் கை.
கட்டணம் கட்டுவது கத்தலுக்கு.

பழைய வரைபடங்களைப் பிரித்தேன்.
கணக்குப் போட்டவர் தேவையை எழுதி
பத்து சதவீதம் கூட்டியிருக்கிறார்,
எதற்கும் இருக்கட்டும்.
சரிபார்த்தவர் மேலும் பதினைந்து,
எதற்கும் இருக்கட்டும்.
கிடங்கில் அந்த அளவு இல்லையாம்,
அடுத்த பெரியது வந்து இறங்கியது.
மூன்று பேரின் பயம் ஒன்றன்மேல் ஒன்றேறி
நாற்பத்தொரு குளிர்காலம் சுழன்றிருக்கிறது.
சோளப்பொரிப் பசிக்கு யானைத் தீனி.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில்
கட்டம் போட்ட தாளில் இரண்டு கோடு வரைந்தேன்.
பம்பின் கோடு இறங்கி வரும்.
குழாய்களின் கோடு ஏறிப் போகும்.
வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் குடித்தனம்.
ஜாதகம் பார்க்காத ஊரிலும்
பொருத்தம் பார்த்தே ஆகவேண்டிய இடம்.

ஒன்பதாம் மாடி ஊர்வே கேட்டாள்:
"அவ்வளவு உயரம் தூக்க வேண்டாமா?
என் ரேடியேட்டர் ஏற்கெனவே பிணம்."
தூக்க வேண்டாம் என்றேன்.
மூடிய சுற்றில் இறங்கும் நீர்
ஏறும் நீரைத் தானே இழுத்துக்கொள்ளும்.
பம்புக்குச் சண்டை உரசலோடு மட்டும்.
உங்கள் குளிருக்குக் காரணம் பலம் அல்ல, பங்கீடு.
முதல் மாடியில் ஜனவரியிலும்
ஜன்னல் திறந்து கிடக்கிறது, போய்ப் பாருங்கள்.

முதல் மாடி எதுவும் பேசவில்லை.

பொருளாளர் கைடோ பட்டியலைத் தட்டினார்:
"உருவம் பாதி, விலை இரண்டு மடங்கு."
வேகம் பாதியானால் நீர் பாதி வரும் என்றேன்,
மின்சாரம் எட்டில் ஒன்றுதான் கேட்கும்.
நம்பாமல் கால்குலேட்டரை எடுத்தார்.
பாதி, அதில் பாதி, அதிலும் பாதி.
மறுபடி முதலிலிருந்து.
மைனஸ் இருபத்தைந்து, வருடத்தில் நாலு நாள் விருந்தாளி.
அவனுக்காகத் தினமும் அண்டாவில் உலை வைப்பார்களா?

முப்பத்தொன்றுக்கு இருபத்தேழு. தேர்வானது.

அக்டோபரில், இரவு பத்தரைக்கு
தரைத்தளத்து விர்வே போன் செய்தாள்:
"உன் பம்பு ஓடவில்லை."
ஓடி வந்தேன். ஓடிக்கொண்டிருந்தது.
பழையது இரண்டாயிரத்து இருநூறு வாட் தின்ற இடத்தில்
திரையில் தொண்ணூற்றொன்று.
அவள் கையை எடுத்துக் குழாயில் வைத்தேன்.
வெதுவெதுப்பு. அவ்வளவுதான்.

"சத்தம் எங்கே?" என்றாள்.
வேலை பார்த்தது தொலைபேசி நிலையத்தில்,
காதுதான் அவள் சம்பாத்தியம்.
"அந்த முனகலில்தான் தூங்கினேன்.
இப்போது மேல்வீட்டுக்காரன் கேட்கிறான்.
தனிக்கட்டை என்று நினைத்திருந்தேன்.
ராத்திரியில் யாருக்கோ
நாள் முழுக்க நடந்ததைச் சொல்கிறான்.
யாரும் பதில் சொல்வதில்லை."

கொஞ்சம் முனகும்படி வைக்க முடியுமா என்று கேட்டாள்.
முடியாது என்றேன்.
ஒரு நாற்காலி வாங்கி அவன் சுவருக்குக் கீழே
போட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

அவள் போன பிறகு திரைமுன் தனியே நின்றேன்.
வானிலையில் திடீர்க் குளிர் என்றிருந்தார்கள்.
யாரும் பார்க்கவில்லை. விரல் தானாக
ஒரு படி ஏற்றியது.

நிறுத்தத்தில் நின்று கணக்குப் போட்டேன்.
ஒரு படி, ஒரு குளிர்காலம், அறுபது வீடு.
நானும் நான்காவது ஆள்.

திரும்பிப் போய் இறக்கிவிட்டு வந்தேன்.
கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது.