பத்தொன்பதாவது கேள்வி

பதினெட்டாவது கேள்விவரை
நானும் ரெமியும் சண்டையில்லாமல் வந்துவிட்டோம்.
பள்ளிப் பேருந்து ஓட்டுவதில் எனக்கு வருவது,
அறுவடை மாதத்தில்
உருளைக்கிழங்கு தரம்பிரிப்பதில் வருவது,
வீட்டுக்கடனில் மீதி,
வங்கியில் அறுநூற்றுப் பன்னிரண்டு டாலர்.
சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டே போனான்,
முகத்தில் எதையும் காட்டாமல்.
எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்று
முள்ளைப் படித்துச் சொல்லும்படி
மகனையே கேட்டதுபோல் இருந்தது எனக்கு.

பத்தொன்பது:
பிரிந்து வாழும் பெற்றோரின் வருமானமும் கையொப்பமும்.

"விட்டுரும்மா. இதைக் கேக்காத காலேஜும் இருக்கு."
இருக்கிறது.
ஆனால் இரவில் மடிக்கணினியை மூடாமல்
இவன் தூங்கிப்போகும்போது
திரையில் நிற்பது
அந்தக் கல்லூரியின் படகுத்துறை மட்டும்தான்.

போன மாதம் கட்டுரை எழுத உட்கார்ந்தான்.
நீ கடந்து வந்த ஒரு தடையைப் பற்றி,
அறுநூற்றைம்பது சொற்களுக்குள்.
பேனாவைக் கடித்தபடி கேட்டான்,
"நமக்கு என்னம்மா தடை?"
அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
அவ்வளவு கெட்டிக்காரியாகவா
மறைத்து வைத்திருந்தேன்?
கடைசியில் துணி உலர்த்தும் இயந்திரத்தைக்
கழற்றி மாட்டிய கதையை எழுதினான்.
அவன் குளிக்கப் போன நேரம் திருட்டுத்தனமாகப் படித்தேன்.
ஒரு காற்புள்ளியை எடுத்தேன்.
பிறகு பயந்து
அங்கேயே வைத்துவிட்டேன்.

ரேனால்டுக்கு அனுப்பிய இரண்டு அஞ்சலுக்கும் பதிலில்லை.
கடைசி நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது
படிவத்தை அச்சடித்துக்கொண்டு
மூன்று மணி நேரம் தெற்கே ஓட்டினேன்.
சாலையின் இருபுறமும் ஆளுயரப் பனி.
மூஸ் மான் குறுக்கிடும் என்ற பலகைகள்.
என்ன பேசுவது என்று
காரிலேயே நாலு விதமாக ஒத்திகை பார்த்தேன்.
நாலிலும் நான்தான் ஜெயித்தேன்.

பனிவண்டி பழுதுபார்க்கும் கடையில்
கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.
ஒன்பது வருடத்தில்
தாடி மட்டும் நரைத்திருந்தது.
நின்றபடியே படித்தான், முதல் வரியிலிருந்து.
அவன் இவ்வளவு நேரம் எதையும் படித்து
நான் பார்த்ததில்லை.
"போட்டா நான் பணம் கட்டணுமா?"
ஒத்திகையில் இல்லாத கேள்வி.
"தெரியல," என்றேன்.
அதுதான் உண்மை.

எண்களை எழுதினான்.
என்னுடையதைவிடச் சின்ன எண்கள்.
ஏனோ எனக்குச் சந்தோஷமாக இல்லை.
கையெழுத்துப் போட்டுவிட்டு
"என்ன படிக்கப் போறான்?"
"கடல் உயிரியல்."
"கடலா? படகு ஏறினாலே வாந்தி எடுப்பானே."

எனக்குத் தெரியாது.
இவன் காய்ச்சல்கள் தெரியும், காலணி அளவு தெரியும்,
எந்த ஆசிரியர் பரிந்துரைக் கடிதத்தை
இன்னும் அனுப்பவில்லை என்றுகூடத் தெரியும்.
இது தெரியாது.

திரும்பி வந்தபோது மணி ஒன்பது.
சமையலறையில்
அதே நாற்காலியில் அவன்.
காகிதத்தை மேசையில் வைத்தேன்.
அப்பாவின் கையெழுத்தை
விரலால் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான்.
"படகுல உனக்கு வாந்தி வருமாமே?"
காது சிவந்தது.
"ஆறு வயசுலம்மா. ஒரே ஒரு தடவை.
உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு
ரெண்டு பேரும் பேசி வச்சிருந்தோம்."

இருபதாவது கேள்வி:
உங்கள் குடும்பத்தைப் பற்றி
நாங்கள் அறிய வேண்டியது வேறு ஏதேனும் உண்டா?
'இல்லை' என்று தட்டினான்.
அழித்தான்.
பெட்டிக்குள் அந்தச் சின்னக் கோடு
துடித்துக்கொண்டிருந்தது.

வெளியே மைனஸ் இருபது.
காரின் சூடேற்றி வயரைச் செருக மறந்திருந்தேன்,
காலையில் பேருந்துக்குப் போக வேண்டும்.
கோட்டை மாட்டிக்கொண்டு போனேன்.
செருகிய பிறகும்
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்,
ஜன்னலுக்கு முதுகைக் காட்டி,
அவன் எழுதி முடிக்கட்டும் என்று.